பதினேழாம் தேதி மழை

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்று போன வாரம் முடித்திருந்தேன். அந்த எண் தொண்ணூற்று நான்கு. நவம்பர் பதினேழாம் தேதி, காலை எட்டரை மணி, செண்பகத்தோப்பு, மழை தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர்.

என் தம்பி ராம்கி செத்த நாள் அது.

எட்டரைக்கு மழைமானியைப் பார்த்தவன் ஒன்பதேகாலுக்கு ஓடையில் வந்த வெள்ளத்தில் போய்விட்டான். மதியம் வெகுதூரம் கீழே தள்ளி, வனத்துறைக்காரர்கள் உடலை எடுத்தார்கள். அன்றைக்கு அவன் லீவில் இருந்தான், தன் சொந்த விருப்பத்துக்குக் காட்டுக்குப் போனான், யாரும் அனுப்பவில்லை என்று கல்லூரி போலீசுக்கு எழுதிக் கொடுத்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவனுடைய ஆராய்ச்சி நெறியாளர், பேராசிரியர் சமுத்திரம்.

சொந்த விருப்பத்துக்குப் போனவன் எடுத்த அளவு, எட்டு மாதம் கழித்து மாரிக்கனியின் ஆய்வேட்டில் எப்படி வந்து உட்கார்ந்தது? மாரிக்கனி அதே சமுத்திரத்திடம் ராம்கியோடு ஆராய்ச்சி செய்தவள். அவளுக்கு வாய்மொழித் தேர்வு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு என்று கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பொதுமக்களும் கலந்துகொண்டு கேள்வி கேட்கலாம் என்று அதன் கடைசி வரியில் இருந்தது.

நானும் பொதுமக்களில் ஒருத்திதானே.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். அவர் பெயர் பால்சாமி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லாத வீடு எங்களுடையது. சேத்தூரில் அந்த வீட்டில் எட்டு மாதமாக நானும் அவரும் காலை இட்லியோடு சமுத்திரத்தின் சாவையும் சேர்த்தே பரிமாறிக்கொண்டோம். அவனை அதே ஓடையில் உருட்டிவிட வேண்டும் என்பார் அப்பா. எனக்கு அது போதாது. சமுத்திரம் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார்களே, அத்தனை பேர் முன்னாலும் அவர் தலை தொங்க வேண்டும். செத்துப்போனால் அந்த வெட்கம் அவருக்கு எப்படித் தெரியும்?

ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் செக்கிங்கில் இருக்கிறேன். துணியை வெளிச்சத்துக்கு நேராக ஓடவிட்டு, இழை அறுந்த இடத்தைப் பிடிப்பது வேலை. எங்கள் யூனியன் செயலாளர் ஜெயபாய் அக்காதான் மேனேஜரிடம் பேசி எனக்கு அன்றைக்கு லீவு வாங்கித் தந்தார். எங்கள் கம்பெனியில் மெஷினில் விரல் போனால் அதற்கு ஒரு ஃபாரம் உண்டு. எந்த விரல், எத்தனை கணு என்றுகூட அதில் கட்டம் இருக்கும். ஆராய்ச்சிக்குப் போனவன் உயிர் போனதற்கு எந்த ஃபாரமும் இல்லை. அவன் தொழிலாளி இல்லை, மாணவன் என்றார்கள். முப்பது வயதில், ஞாயிறு உட்பட வாரம் ஏழு நாளும் காட்டுக்குப் போய்வந்த மாணவன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் விக்னேஸ்வரன் காத்திருந்தான். இயற்பியல் துறையில் ஆராய்ச்சி செய்கிறவன். அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சியாளர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியவர்களில் அவனும் ராம்கியும் முதல் ஆட்கள். எண்பத்து மூன்றாம் பக்கத்தை எனக்குக் கொண்டுவந்து காட்டியவனும் அவன்தான். அதற்காகவே இப்போது வருத்தப்படுகிற முகத்தோடு நின்றான்.

இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னான். மாரிக்கனிக்குப் பட்டம் கைக்கு வந்துவிட்டால் அவளே சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறாளாம். இன்றைக்கு அவள் தலையெழுத்து சமுத்திரத்தின் கையில் இருக்கிறது, ஒரு கையெழுத்தில் ஏழு வருடம் போய்விடும் என்றான்.

அடுத்த மாதம் முதல் தேதி சமுத்திரம் அந்தக் கல்லூரிக்கு முதல்வர் ஆகப் போகிறார் என்பது அவனுக்கும் தெரியும். நான் அதைச் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"முதல்வர் ஆனதும் அந்தப் புள்ளைக்கு அங்கனயே ஒரு வேலையப் போட்டுக் குடுத்துருவான். பொறவு அவ வாயத் தொறப்பாளா? இன்னைக்கு விட்டா அவன் தப்பிச்சிருவான், தம்பி."

விக்னேஸ்வரன் என்னைப் பார்த்தான்.

"கேட்டீயன்னா சாருக்கு மட்டும் அடி விழாது, அக்கா."

தெரியும் என்றேன். தெரிந்துதான் போனேன். அதைப் பிறகு யாரிடமும் நான் மறுத்ததில்லை.

கருத்தரங்கக் கூடத்தின் வாசலில் ஒரு மேஜை. கேசரி, வடை, ஃபிளாஸ்க்கில் காபி. வாய்மொழித் தேர்வு என்றால் வருகிறவர்களுக்கெல்லாம் தேர்வுக்கு நிற்கிறவள் வீட்டுச் செலவில் பலகாரம் கொடுப்பது அங்கே வழக்கமாம். மடிப்புக் கலையாத புதுச்சேலையில் ஓர் அம்மாள் தொன்னையில் கேசரி வைத்துத் தந்தாள். கைவிரல்கள் களை பறித்துப் பறித்து நகமெல்லாம் கறுத்திருந்தன. மாரிக்கனியின் தாய் வெள்ளத்தாய், மம்சாபுரத்துக்காரி. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"நல்லாச் சாப்பிடு தாயி. எம் மக டாக்டராவப் போறா. ஊசி போடுத டாக்டர் இல்லியாம். அதுக்கும் மேலயாம்."

கேசரியைத் தின்று முடித்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே தங்கபாய் என்று ஒரு சின்னப் பெண், சமுத்திரத்திடம் புதிதாகச் சேர்ந்தவள், ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கையில் துண்டுச் சீட்டுகள். சபையிலிருந்து நாலைந்து பேர் கேள்வி கேட்டால்தான் தேர்வு பார்க்க நன்றாயிருக்கும், அதனால் எளிய கேள்விகளை முன்கூட்டியே எழுதி வேண்டியவர்களிடம் கொடுத்துவிடுவார்களாம். அன்றைக்குக் கேட்க ஆள் போதவில்லை. நல்ல சேலையும் கையில் ஃபைலுமாக இருந்த என்னை அவள் வேறு கல்லூரிப் பேராசிரியை என்று நினைத்துவிட்டாள்.

"மேடம், நீங்க எங்க இருந்து வாரீய?"

ராஜபாளையம் என்றேன். அது பொய்யில்லை.

"நாலாவதா ஒரு கேள்வி கேக்கீயளா மேடம்? நான் கை காட்டுதேன்."

சீட்டை வாங்கிக்கொண்டேன். இந்த ஆய்வினால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று எழுதியிருந்தது.

சமுத்திரம் வந்தார். கூடம் மொத்தமும் எழுந்தது. கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவும் விறைப்பாக எழுந்ததைப் பார்த்தேன். பட்டாளத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சமுத்திரம் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாவை உட்காரவைத்து, அவருக்கு முன்னால் இரண்டு பால்கோவா டப்பாக்களை நகர்த்தி வைத்தார்.

மாரிக்கனி முக்கால் மணி நேரம் பேசினாள். செண்பகத்தோப்பு ஓடைகளில் மழைக்கு முன்னும் பின்னும் என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நன்றாகவே பேசினாள். திரையில் ஓடையின் படம் வந்தது. பாறை, தேங்கிய தண்ணீர், மேலே பச்சை. இதிலா ஒரு மனிதன் முங்குவான் என்று தோன்றும்படி முழங்கால் அளவுத் தண்ணீர். பேசும்போதே அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை தடுக்கியது. பிறகு அவள் கண் என் பக்கம் வரவில்லை.

துண்டுச் சீட்டுக் கேள்விகள் மூன்று முடிந்தன. மூன்றுக்கும் பதில் மனப்பாடமாக வந்தது. தங்கபாய் எனக்குக் கை காட்டினாள். எழுந்தேன்.

"எண்பத்து மூணாம் பக்கம். நவம்பர் பதினேழாம் தேதி மழை. அந்த அளவை எடுத்தது யாரு?"

தேர்வாளர் அம்மா பக்கத்தைப் புரட்டினார். சமுத்திரம் இப்போதுதான் என்னைப் பார்த்தார். களத்தில் யாராவது எடுப்பார்கள், இதெல்லாம் பெரிய விஷயமில்லை, அடுத்த கேள்வி என்றார்.

"நான் கேட்டது அந்தப் பொண்ணுகிட்ட."

"பதில் சொல்லட்டுமே, சார்" என்றார் தேர்வாளர்.

ஒரு வாரமாக அந்தக் கேள்வியை நான் எல்லாப் பக்கமும் அடைத்து வைத்திருந்தேன். நான் எடுத்தேன் என்று மாரிக்கனி சொன்னால் பொய். அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள் என்பதைப் பார்த்தவர்கள் இருநூறு பேர். யாரும் எடுக்கவில்லை, உத்தேசமாகப் போட்டோம் என்றால் அவள் ஆராய்ச்சியே குப்பை. ராம்கி பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, அவனை அனுப்பியது யார். எந்தப் பதிலிலும் சமுத்திரம் விழுவார். எந்தப் பதிலிலும் அவளும் விழுவாள்.

அவள் வாசலைப் பார்த்தாள். வெள்ளத்தாய் தட்டோடு அங்கே நின்று மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ராம்கி அண்ணன் எடுத்தது" என்றாள் மாரிக்கனி.

சமுத்திரம் ஏதோ சொல்ல வந்தார். தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் போயிருக்கணும். அன்னைக்கு சார் வீட்டுல அவிய மகளுக்கு நிச்சயதாம்பூலம். தட்டு அடுக்க, வாரவங்களக் கவனிக்க என்னை அங்க வரச் சொல்லிட்டாரு. அண்ணன் தனியாப் போச்சு. எட்டு நாப்பதுக்கு சாருக்குப் போன் வந்துச்சு. நான் பக்கத்துல பூ கட்டிட்டு இருந்தேன். அளவைக் கேட்டு, எழுதிக்கோன்னு என்கிட்டச் சொன்னாரு. ஒரு நாள்கூட கட்டம் காலியா இருக்கக் கூடாதும்பாரு. கல்யாண நோட்டுலயே குறிச்சுக்கிட்டேன்."

அவள் தேர்வாளர் பக்கம் திரும்பினாள்.

"பொறவு அந்தக் கட்டத்தை மட்டும் அழிச்சிருன்னு சார் சொன்னாரு. எனக்குக் கை வரல. அழிச்சுட்டேன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்."

அடுத்த கேள்வியை நான் எழுதி வைத்திருக்கவில்லை. அது தானாக வந்தது.

"போன்ல வேற என்ன சொன்னான்?"

"தண்ணி ஏறுதுன்னு சொன்னாப்ல இருக்கு. சார், அக்கரையில இருக்க இன்னொரு மானியையும் பாத்துட்டு எறங்குன்னாரு."

எட்டு மாதமாக எங்களுக்குத் தெரியாமல் இருந்த முப்பத்தைந்து நிமிடம் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. என் தம்பி இறங்கி வந்திருப்பான். அக்கரைக்குப் போகச் சொன்னதால்தான் ஓடைக்குள் காலை வைத்தான்.

மாணவி மனநிலை சரியில்லாமல் இருக்கிறாள், தேர்வை ஒத்திவைக்கிறேன் என்று சமுத்திரம் எழுந்தார். ஒத்திவைக்கலாம், ஆனால் காதால் கேட்டதை அறிக்கையில் எழுதித்தான் அனுப்புவேன் என்றார் தேர்வாளர் அம்மா. பேனாவை மூடி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பால்கோவா டப்பாக்கள் மேஜை மேலேயே கிடந்தன. மாரிக்கனி தேறினாள் என்று யாரும் அறிவிக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது மறைக்கத் தோன்றுகிறது, மறைக்கவில்லை. சமுத்திரம் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி வழுக்கி வழுக்கிப் போனது. எடுத்துத் திறந்து கொடுக்க அத்தனை பேரில் ஒருவரும் வரவில்லை. அவர் அதை மூடியபடியே திரும்ப வைக்கும்வரை நின்று பார்த்தேன். திரும்பி அப்பாவைத் தேடினால், தூணுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

வாசலில் வெள்ளத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஒந் தம்பி போனதுக்கு எம் மக என்ன தாயி செஞ்சா? அவளும் ஒன்ன மாதிரி ஒரு பொம்பளப் புள்ளதான?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மாரிக்கனி வந்து தாயின் கையை என் கையிலிருந்து பிரித்தாள். அவள் அழவில்லை.

"ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம், அக்கா" என்றாள். கேசரிப் பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு இருவரும் படி இறங்கினார்கள்.

விக்னேஸ்வரனைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். காலையில் அவனைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள், இப்போது சங்கத்து உறுப்பினர் படிவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவன் என்னைத் தனியே அழைத்துவந்து, ஒரு காகிதத்தின் நகலைக் காட்டினான். சங்கத்தின் முதல் தீர்மானம். இனி யாரும் தனியாகக் காட்டுக்குப் போவதில்லை, எந்த நெறியாளர் சொன்னாலும் போவதில்லை. நவம்பர் பன்னிரண்டாம் தேதி போட்டது. கையெழுத்துகளில் முதலில் இருந்தது ராம்கியுடையது.

"எழுதினதே அவன்தான், அக்கா."

அப்புறம் ஏன் போனான் என்று கேட்டேன்.

"அதுதான் எங்களுக்கும் வெளங்கல. பதினாறாம் தேதி சாயங்காலம் சார் ரூமுக்குப் போய், தனியாப் போக மாட்டேன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்தான். நாங்கதான் டீ வாங்கிக் குடுத்தோம். அம்புட்டு சந்தோசமா இருந்தான்."

ராம்கியின் சாவைத் திரும்ப விசாரிக்கச் சொல்லிப் போலீசுக்கு இன்றைக்கே ஒரு மனு கொடுக்க வேண்டும், டைப் அடித்துக் கொண்டுவருகிறேன் என்று அவன் போனான்.

நான் கீழே இறங்கும்போது படிக்கட்டின் திருப்பத்தில் சமுத்திரம் நின்றார். கூட யாரும் இல்லை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. களைத்துப்போன குரலில் பேசினார்.

"நான் அனுப்பினேன்னு ஊரு பூரா சொல்லுவீங்க. சொல்லிக்கோம்மா. ஆனா ராம்கி என்கிட்ட முடியாதுன்னுட்டான். அன்னைக்கு அதுக்கு மேல அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. ஒங்க அப்பாவுக்குத்தான் போன் போட்டேன்."

பொய் என்றேன்.

"அவர்ட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அப்பா ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சொல்வார், இல்லாவிட்டால் சமுத்திரத்தை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறாம் தேதி அந்த ஆளு ஒங்களுக்குப் போன் போட்டானா?"

லாரி ஒன்று போனது.

"போட்டாரு. மகன் சங்கம் அது இதுன்னு சேந்து கெட்டுப் போறான்னாரு. படிப்பு பாதியில போயிரும்னாரு."

எட்டு மாதமாக அவன் இவன் என்று மட்டுமே சொன்ன மனிதர்.

"நீங்க என்ன சொன்னீய?"

"இருபத்திரெண்டு வருசம் பட்டாளத்துல இருந்திருக்கேன், போன்னு சொன்ன எடத்துக்குப் போகாம இருந்ததில்லன்னு ஒந் தம்பிகிட்டச் சொன்னேன். கோழைப்பய வீட்டுல சோறு திங்கக் கூடாதுன்னேன். அவன் பேசாமப் போய்ப் படுத்துட்டான்."

"பொறவு?"

"காலையில மழை. பஸ்ஸு லேட்டாகும்னு நான்தான் பைக்குல கொண்டுபோயி செக்போஸ்ட்டுல விட்டேன்."

அன்றைக்கு எனக்கு ஆறு மணி ஷிப்ட். நான் கிளம்பும்போது ராம்கி தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து பஸ்ஸில் போனான் என்றுதான் அப்பா என்னிடமும் போலீசிடமும் சொல்லியிருந்தார். எட்டு மாதம். ஒவ்வொரு காலையும் எனக்கு எதிரே உட்கார்ந்து, அவனை உருட்டிவிட வேண்டும், உருட்டிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

ராஜபாளையம் பஸ் வந்தது. அப்பா ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்காகப் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டார். வாரீயளா இல்லியா என்று கண்டக்டர் கேட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்பா என்னைக் கூப்பிடவில்லை. பஸ் நகர்ந்தது.

விக்னேஸ்வரன் பைக்கில் வந்து இறங்கினான். மனு தயாராக இருந்தது, ஐந்து மணிக்குள் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். வேகமாகப் படித்துக் காட்டினான். இறந்தவர் பெயர், நாள், நேரம், இடம். ஒரே ஒரு கோடு மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தான்.

"ராம்கியைக் காட்டுக்கு அனுப்பியவர்னு ஒரு எடம் இருக்கு அக்கா. சார் பேரு மட்டும் போட்டுட்டாப் போதும்ல?"

மணி இரண்டேகால். பஸ் போன திசையில் புழுதி இன்னும் அடங்கவில்லை.

"பேப்பரக் குடு" என்றேன். "அந்த எடத்த நான் எழுதுறேன்."